தீப்பெட்டிப் பெண்கள் தாமாகவே வெளியேறினார்கள்

தொழிலாளர் போராட்டங்களை வைத்துப் பழைய காலத்தைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்கள் வர வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் "1888 லண்டன் தீப்பெட்டி வேலைநிறுத்தத்தைத் தொடங்கி நடத்தியவர் அன்னி பெசன்ட், அவரையே நாயகியாக வைத்து எடுக்கலாம்" என்று நண்பர் எழுதியிருப்பது சரியில்லை.

பெசன்ட் செய்தது வேறு. பிரையண்ட் அண்ட் மே என்ற அந்தத் தீப்பெட்டி ஆலையின் கொடுமைகளை ஜூன் மாதம் ஒரு கட்டுரையில் அம்பலப்படுத்தினார். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். கட்டுரை பொய் என்று கையெழுத்துப் போடும்படி நிர்வாகம் வற்புறுத்தியது. பெண்கள் மறுத்தார்கள். அப்புறம் ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கியதும், சுமார் 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு கூட்டம் நடந்தே போய் பெசன்ட்டின் அலுவலகத்தில் நின்றபோதுதான் அவருக்கே விஷயம் தெரியும். அதற்குப் பிறகு நிதி திரட்டியதிலும் நாடாளுமன்றம்வரை விஷயத்தைக் கொண்டுபோனதிலும் அவர் பங்கு பெரியது, அதை மறுக்கவில்லை.

அபராதங்கள் ஒழிந்தன, சங்கமும் அமைந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. அதுவரை வேலைமேசையிலேயே, தீக்குச்சி மருந்தில் சேரும் பாஸ்பரஸ் படிந்த கையோடுதான் ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். தாடை எலும்பே அழுகிப்போகும் நோய் அந்தப் பாஸ்பரஸால் வந்தது.

தொடர் எடுப்பவர்கள் அந்த மேசையிலிருந்து தொடங்கட்டும். கையெழுத்துப் போட மறுத்த பெண்தான் நாயகி.