நாட்டுக்கு மஞ்சள் நோட்டீஸ் கிடையாது

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், கொரோனாவுக்கு அப்புறம் கடன் தாங்காமல் பாரிமுனை ஹைகோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். தெருவே கேவலமாகப் பேசியது. கடை போயிற்று, ஸ்கூட்டர் போயிற்று. ஆனால் கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவது நின்றது. இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஒரு நாடு திவாலானால் இப்படிப் போய் நிற்க உலகத்தில் ஒரு கோர்ட்டும் இல்லை. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடிக்காக நாங்கள் நாலு பேர் போன மாதம் காசிமேட்டில் கையெழுத்து வாங்கப் போனோம். மீன் விற்கும் அக்கா ஒருவர் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, எவனோ வாங்கின கடனுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? என் கடனை யாரு தள்ளுபடி பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவர் இடுப்புச் சுருக்குப்பையில் தண்டல் அட்டை இருந்தது, கட்டம் கட்டமாக, செதில் ஒட்டிக்கொண்டு. பேச்சு பத்தாயிரம், கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு, நூறு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மீன் வரத்து பாதியாகிவிடும். தண்டல்காரருக்கு ஏது தடைக்காலம்? பழைய அட்டையை முடிக்கப் புது அட்டை போடுவார்.

ஜாம்பியாவின் கதையும் இதேதான். ஆப்பிரிக்காவில் செம்பு விற்றுப் பிழைக்கும் நாடு. செம்பு விலை விழுந்தால் வருமானம் விழும். கடனோ டாலரில். சொந்தப் பணத்தின் மதிப்பு சரிந்தால், புதிதாக ஒரு பைசா வாங்காமலே கடன் ஏறும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கொதிக்க வைத்தது ஒன்று. டிராக்டர் வாங்குவதற்காக ருமேனியா ஜாம்பியாவுக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்தக் கடனை 1999-இல் டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. நம்ம ஊரில் வராக்கடன் புரோநோட்டை ஒருவன் அடிமாட்டு விலைக்கு வாங்குவானே, அப்படி. பிறகு லண்டன் கோர்ட்டில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007-இல் சுமார் 1.55 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அதற்கு முந்தின வருஷம்தான், கடன் தள்ளுபடி கிடைத்த தெம்பில் ஜாம்பியா கிராமத்து ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்திருந்தது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கியது. பிரிட்டனில் சத்தம் கிளம்பி, 2010-இல் இப்படிப்பட்ட வழக்குகளுக்குச் சட்டமே கடிவாளம் போட்டது.

அந்தத் தள்ளுபடியும் சும்மா வரவில்லை. 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலி கட்டி நின்றார்கள். தெருவில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

"வாங்கினதைக் கட்டாவிட்டால் அப்புறம் எவன் கொடுப்பான்?" என்று கேட்கலாம். 1953-இல் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடனில் சுமார் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். போர் நடத்திய நாட்டுக்கே அந்த மரியாதை. அதற்குப் பிறகு ஜெர்மனிக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாமலா போயிற்று?

ஆனால் ஒரு முறை தள்ளுபடி செய்தால் போதாது. ஜாம்பியா 2020-இல் மறுபடி கைவிரித்தது. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வரவே 2023 ஜூன் ஆயிற்று. அந்த நாட்டின் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த தனியாரோடு அடுத்த வருஷம். யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த நாட்டு மக்களின் காலம். 2014-இல் நாடுகளின் கடனைப் பேசித் தீர்க்க ஒரு சட்ட ஏற்பாடு வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையில் 124 நாடுகள் வாக்களித்தன, 11 எதிர்த்தன. எதிர்த்தவற்றில் அமெரிக்காவும் பிரிட்டனும் உண்டு. கடன் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க், லண்டன் சட்டத்தின் கீழ்தான் எழுதப்படுகின்றன. வேறென்ன சொல்ல?

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இலங்கையைச் சொன்னேன். 2022 ஏப்ரலில் அவர்கள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே 18 அன்று இதோ, நம்ம துறைமுகத்திலிருந்துதான் அரிசியும் பால் பவுடரும் ஏற்றிக்கொண்டு கப்பல் போனது. அப்புறம் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வந்தது, கூடவே நிபந்தனைகளும். 2024-இல் அங்கே வாட் வரி 18 சதவீதம் ஆனது. கடன் வாங்கியவர்கள் யாரோ, வரி கட்டுவது சந்தைக்கு வரும் ஜனம். அந்தக் கடனைப் பேசித் தீர்த்த அரசுகளின் குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸோடு இந்தியாவும் தலைமை வகித்தது. நாமும் கடன் கொடுத்தவர்கள் பக்கம்தான். அதனால்தான் நம் அரசிடம் கேட்கிறோம்.

"அந்தக் கப்பல் எனக்குத் தெரியும்" என்றார். பேனாவை வாங்கி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது, "அடுத்த வாட்டி வரும்போது தண்டலுக்கும் ஒரு நோட்டீஸ் எடுத்துனு வா" என்றார். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்று முதல் வரி போட்டிருக்கிறேன். அதைப் படித்தால் அந்த அக்கா சிரிப்பார்.