ஸ்கேனில் நெறி மறைந்தால் அக்குள் அறுவை வேண்டாமா?

"கீமோவுக்குப் பின் ஸ்கேனில் நெறிக்கட்டி தெரியவில்லை என்றால் அக்குளில் கத்தி வைக்கத் தேவையில்லை" என்று மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு தகவல் பரவுகிறது. தொடக்கத்திலேயே அக்குளின் நிணநீர்க் கணுவில் (நெறியில்) புற்றுநோய் உறுதியானவர்களுக்கு இது தவறு. சில மில்லிமீட்டர் அளவில் எஞ்சிய செல்கள் ஸ்கேனில் தெரியாது. கணுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக எல்லாக் கணுக்களையும் எடுத்தாக வேண்டும் என்பதும் பழைய கதை. கீமோ நன்றாகக் கேட்டிருந்தால் காவல் கணுக்களை, அதாவது மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் கீமோ நிணநீர்ப் பாதைகளில் தழும்பை உண்டாக்குவதால், காவல் கணுக்களை அடையாளம் காணச் செலுத்தும் சாயம் வழிதவறக்கூடும். 2013-இல் வெளியான இசட்1071 ஆய்வில், இரண்டோ அதற்கு மேலோ காவல் கணுக்கள் எடுத்தும், கணுவில் நோய் எஞ்சியிருந்தவர்களில் 12.6 சதவீதம் பேரிடம் அது கண்ணில் படாமல் தவறிப்போனது. நீலச்சாயம், கதிரியக்கத் திரவம் இரண்டையும் சேர்த்துப் போட்டு, குறைந்தது மூன்று கணுக்கள் எடுத்தால் இந்தத் தவறு குறையும். (சாயத்தால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், பயம் வேண்டாம்.)

பலர் கோட்டைவிடுவது கிளிப் விஷயத்தில்தான். நோயுள்ள கணுவில் சிறு உலோகக் கிளிப்பைக் கீமோவுக்கு முன்பே வைத்துவிட வேண்டும். கணு சுருங்கியபின் எது என்று தேடுவது கடினம். அறுவையில் எடுத்த திசுவை எக்ஸ்ரே எடுத்து, கிளிப் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எடுத்த கணுவில் நோய் எஞ்சியிருந்தால் பெரும்பாலும் மீதிக் கணுக்களையும் அகற்றுவார்கள். அப்போது கைவீக்க அபாயம் கூடும்.