ஏதென்ஸைப் புகழ்வதற்கு முன் யூக்சிதியோஸின் வழக்கைப் படியுங்கள்

ஜனநாயகத்தின் தாய்வீடு ஏதென்ஸ் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் தொடங்கி மேடைப் பேச்சு வரை கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே குடியேறி வாழ்ந்த வெளியூர்க்காரர்களுக்கும் ஓட்டு கிடையாது என்று உடனே இன்னொருவர் எழுந்து சொல்வார். இரண்டும் உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது வேறொரு விஷயம். குடியுரிமை கையில் இருந்தவனுக்கே அது எவ்வளவு நிச்சயமாக இருந்தது? கோட்டுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசுகிறோம், சரி. உள்ளே இருந்த ஒருவனை ஒரே சாயங்காலத்தில் ஊர்க்காரர்களே வெளியே தள்ள முடிந்ததே, அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

கி.மு. 451 வாக்கில் ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி அப்பா, அம்மா இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். அதற்கு முன்பு அப்பா மட்டும் போதும். பாரசீகர்களை எதிர்த்துப் போரிட்ட தளபதி கிமோனின் அம்மாவே திரேஸ் நாட்டுக்காரிதான். பிறகு பெரிக்ளிஸின் இரண்டு மகன்களும் கொள்ளைநோயில் இறந்துபோக, மிலேட்டஸிலிருந்து வந்த அஸ்பாசியாவுக்கும் அவருக்கும் பிறந்த பையனுக்கு, அவருடைய சட்டத்தையே தளர்த்திக் குடியுரிமை கொடுத்தார்கள். பெரிய மனிதர் வீட்டுக்கு விதிவிலக்கு எளிதாகக் கிடைத்துவிடுகிறது.

சாதாரண ஆளுக்கு? ஏதென்ஸ் நகரமும் அதைச் சுற்றிய நாட்டுப்புறமும் சேர்ந்த அட்டிகா முழுக்க 139 ஊர்ப்பிரிவுகள் இருந்தன. பையனுக்குப் பதினெட்டு வயதானதும் அவனுடைய அப்பாவின் ஊர்க்காரர்கள் கூடி, ஓட்டுப் போட்டு, பதிவேட்டில் பேரைச் சேர்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் மாதிரி எதுவும் கிடையாது. ஊர் உன்னை ஏற்றுக்கொண்டால் நீ குடிமகன், அவ்வளவுதான். அப்புறம் கி.மு. 346-345இல் டெமோபிலஸ் என்பவர் கொண்டுவந்த ஒரு தீர்மானப்படி, எல்லா ஊர்களும் தங்கள் பதிவேட்டை எடுத்துவைத்து, ஒவ்வொரு பேராக வாசித்து, இவன் உண்மையான குடிமகன்தானா என்று மறுபடியும் ஓட்டுப் போட வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஹலிமூஸ் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த யூக்சிதியோஸ் மாட்டிக்கொண்டான். ஊர் அவனை நீக்கியதை எதிர்த்து அவன் நீதிமன்றத்தில் பேசிய பேச்சு, மற்றவர்களுக்கும் வழக்குரை எழுதிக்கொடுத்த பேச்சாளர் டெமாஸ்தனிஸின் உரைகளில் 57ஆவதாக இன்றும் நம்மிடம் இருக்கிறது.

அவன் சொல்வதைக் கேளுங்கள். கூட்டம் ஊரில் நடக்கவில்லை, முப்பத்தைந்து ஸ்டேடியம், அதாவது ஆறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஏதென்ஸ் நகரத்தில் நடந்தது. நடத்தியவன் யூபூலிடிஸ், அப்போது ஏதென்ஸ் அரசின் ஐந்நூறு பேர் மன்றத்தில் உறுப்பினனாக இருந்தவன், இவனுக்குப் பழைய எதிரி. ஒரு பெண்மீது தெய்வ நிந்தனை வழக்குப் போட்டு, ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுக்கூட வாங்காமல் தோற்றுப்போனவன். அந்த வழக்கில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது இந்த யூக்சிதியோஸ். அன்றைக்குப் பேசிப் பேசியே பகலை ஓட்டிவிட்டான் யூபூலிடிஸ். ஓட்டுப் போடுவதற்காகச் சத்தியம் செய்த ஊர்க்காரர்கள் 73 பேர். ஓட்டெடுப்பே பொழுது சாய்கிற நேரத்தில்தான் ஆரம்பித்தது. அறுபதாவது பேர் அளவில் யூக்சிதியோஸின் பேரைக் கூப்பிட்டபோது நன்றாக இருட்டிவிட்டது, வயதானவர்களெல்லாம் ஊரைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இல்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், எனக்காகப் பேச யாரும் இங்கே இல்லை என்று கெஞ்சியிருக்கிறான். அவனைப் பேசவே விடவில்லை. ஓட்டுச் சில்லுகளை எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல்!

முப்பது பேர், அறுபதுக்கு மேல் ஓட்டு. இருட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று சில்லுகளைக் கொடுத்துப் போட வைத்தார்கள் என்கிறான்.

இது ஒரு தரப்புப் பேச்சு, அவன் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வான் என்பது எனக்கும் தெரியும். பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதியே போதும். ஏனென்றால் அவன்மேல் வைத்த குற்றச்சாட்டுகள் என்னவென்று பாருங்கள். உன் அப்பா பேசுகிற பேச்சு வெளியூர்ப் பேச்சாக இருந்தது. உன் அம்மா சந்தையில் நாடா விற்றாள், அடுத்தவர் குழந்தைக்குக் கூலிக்குப் பால் கொடுத்தாள். இவ்வளவுதான்! அப்பா துக்ரிதோஸ் போரில் பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டு, லூகாஸ் தீவில் வெகுகாலம் கிடந்து திரும்பி வந்தவர், பேச்சு மாறாமல் என்ன செய்யும்? ஊருக்காகச் சண்டைக்குப் போனவன் சிதைந்த பேச்சோடு திரும்பினால், அந்தப் பேச்சே அவன் மகனுக்கு எதிரான சாட்சி. இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அம்மா விஷயத்தில் அவன் சொன்ன பதில் இன்னும் நேரானது. கணவர் போருக்குப் போய்விட்டார், கையில் காசில்லை, ஊரே கஷ்டத்தில் இருந்த காலம், பால் கொடுத்தாள், ஆமாம். சந்தையில் விற்றாள், ஆமாம். அவள் வெளிநாட்டுக்காரி என்றால் வெளிநாட்டார் சந்தையில் கட்டும் வரி உண்டே, அந்தக் கணக்கில் அவள் பேர் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். சந்தையில் வேலை செய்வதைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழிவாகப் பேசுவதே குற்றம் என்று ஏதென்ஸில் சட்டம் இருந்தது. சட்டம் இருந்தும் என்ன பயன்? வறுமையைக் காட்டித்தான் அந்நியன் என்றார்கள்.

எனக்கு இதில் மிகப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான்: அம்மாவும் ஏதென்ஸ்காரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, ஆனால் ஊர்ப் பதிவேட்டில் பெண்களின் பேரே கிடையாது. எதை நிரூபிக்கச் சொல்கிறார்களோ அதற்கான ஆவணத்தை அரசே வைத்துக்கொள்ளவில்லை. அதனால் மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட சகோதரர்கள், அம்மாவின் முதல் கணவர் வழி உறவு என்று வரிசையாகக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைக்கிறான் அவன். சொந்தக்காரர்கள் செத்துப்போனவன், அல்லது சொந்தக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டவன் கதி என்ன?

இத்தனைக்கும் இவன் யாரோ எவனோ அல்ல. அந்த ஊரின் தலைவராகவே இருந்தவன். பலர் கட்டாமல் வைத்திருந்த கோயில் நிலக் குத்தகைப் பாக்கியைக் கறாராக வசூலித்தான், அந்தக் காரியமே பகையாகிவிட்டது. ஊர் அவனைப் பாராட்டிக் கல்லில் வெட்டிவைத்த தீர்மானத்தைக்கூடச் செதுக்கி அழித்தார்கள் என்று சொல்கிறான்.

முறையீட்டுக்கு நீதிமன்றம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. இதே யூபூலிடிஸின் அப்பா ஊர்த் தலைவராக இருந்தபோது பதிவேடே தொலைந்துவிட்டது என்று சொல்லி, மறுபடி ஓட்டெடுப்பு நடத்திப் பத்துப் பேரை வெளியே தள்ள, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது என்கிறான் யூக்சிதியோஸ். ஊர் எத்தனை முறை தப்பு செய்தது என்பதற்கும் இதுவே அத்தாட்சி. ஆனால் முறையீட்டுக்கு ஒரு விலை உண்டு. ஊர் சொன்ன தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொண்டால், குடியேறியவனாக வரி கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள், சொத்தும் போய்விடும். நியாயம் கேட்பதற்கே உடம்பைப் பணயம் வைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எந்தக் காலத்தின் அளவுகோலைக் கொண்டு வந்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. இருட்டில் அறுபது ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை.

யூக்சிதியோஸுக்கு உறவு இருந்தது, வழக்காடத் துணிவு இருந்தது, அதனால் அவன் பேச்சு நம் கைக்கு வந்திருக்கிறது. அவன் பேச்சிலேயே போகிற போக்கில் வேறு சிலரைச் சொல்கிறான்: ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிகளில் சிலரை வைத்துக்கொண்டு சிலரை நீக்கினார்கள், வசதியில்லாத கிழவர்களை நீக்கிவிட்டு அவர்களுடைய மகன்களை மட்டும் பட்டியலில் விட்டுவைத்தார்கள். அப்பா அந்நியன், மகன் குடிமகன்! ஏதென்ஸ் ஜனநாயகத்தைப் பற்றி யார் எழுதினாலும், அந்தக் கிழவர்களில் எத்தனை பேரால் விற்கப்படும் ஆபத்தைத் தாங்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏற முடிந்திருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.