காமினிதோ தெல் ரே இப்போது மூடிக் கிடக்கவில்லை

காமினிதோ தெல் ரே என்பது தெற்கு ஸ்பெயினில் அர்தாலஸ் ஊருக்கு அருகே, ஆழமான பள்ளத்தாக்கின் பாறைச் சுவரை ஒட்டிப் போகும் நடைபாதை. "அர்தாலஸ் பக்கம் போகாதீர்கள், காமினிதோ தெல் ரே உலகின் ஆபத்தான பாதை, அரசே மூடிவிட்டது" என்று இணையத்தில் ஒருவர் வீடியோவோடு போட்டிருக்கிறார். அந்த வீடியோ பழைய பாதையுடையது. 1905-ல் கட்டி முடித்த அந்தப் பாதை சிதைந்து, சிலர் விழுந்து இறந்த பிறகு 2000-ல் மூடினார்கள், உண்மைதான். ஆனால் 2015 மார்ச்சில் புதுப்பித்துத் திறந்தாயிற்று. இப்போது பலகை நடைபாதை, கம்பி வலைத் தடுப்பு, தலைக்கவசம் கட்டாயம். ஒரே திசையில்தான் நடக்க முடியும். திரும்பி வரப் பேருந்து உண்டு. சில இடங்களில் காலடிக்குக் கீழேயே பழைய சிமெண்ட் பாதை ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வீடியோவில் பயமுறுத்துவது அதுதான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு: 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள்.

சீட்டு கிடைக்காவிட்டாலும் அர்தாலஸைத் தவிர்க்க வேண்டாம். பக்கத்திலேயே பொபாஸ்த்ரோ இருக்கிறது. அன்று ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட முஸ்லிம் ஆட்சியாளர்களான கோர்தோபா அமீர்களை எதிர்த்துக் கலகம் செய்த உமர் இப்னு ஹப்சூனின் கோட்டை அது. பாறையைக் குடைந்த தேவாலயம் பாதி முடிந்த நிலையில் அப்படியே நிற்கிறது. அப்புறம், 1821-ல் வெளிப்பட்ட அர்தாலஸ் குகை. அதற்கும் முன்பதிவு வேண்டும்.