அது நிர்வாணாவின் பாட்டு இல்லை

‘தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்’ நிர்வாணா என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாட்டு, பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி பிற்பாடு அதை எடுத்துப் பாடினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பரே, விஷயம் அப்படியே தலைகீழ். போவி எழுதி, அதே பெயரில் வந்த ஆல்பத்தில் பாடியது 1970-இல். அப்போது நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்கு மூன்று வயது! அந்த வளைந்து வளைந்து வரும் கிட்டார் மெட்டும் அதிலேயே இருக்கிறது, வாசித்தவர் போவியின் கிட்டார் கலைஞர் மிக் ரான்சன்.

நிர்வாணாவுக்கு முன்பே, 1974-இல், லூலு என்ற ஸ்காட்லாந்துப் பாடகி இதைப் பாடி பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனார், அதில் சாக்ஸபோன் வாசித்தது போவியேதான் (தேடிக் கேளுங்கள், ஏதோ கேளிக்கை விடுதிப் பாட்டு மாதிரி விசித்திரமாக இருக்கும்).

கோபேன் பாடியது 1993 நவம்பரில், நியூயார்க்கில் நடந்த எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சியில். அவர் எதையும் மறைக்கவில்லை, பாடி முடித்ததும் இது டேவிட் போவியின் பாட்டு என்று மைக்கிலேயே சொல்கிறார். நாம்தான் அதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறோம். சரி, எது பிடிக்கும் என்று கேட்டால் எனக்கும் கோபேனின் குரல்தான், அது வேறு பேச்சு.