பருத்திப்பாலை விட்டுட்டீங்களே!

மதுரையில் அவசியம் சாப்பிட வேண்டியவைன்னு ஜிகர்தண்டா, பன் பரோட்டா, கறிதோசை எல்லாம் வரிசையா எழுதியிருக்கீங்க, சந்தோஷம். பருத்திப்பாலை எப்படிங்க விட்டீங்க? மாசி வீதிப் பக்கம் சாயங்காலமானா தள்ளுவண்டியில் ஆவி பறக்கும். பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவு கரைச்சு ஊத்தி, கருப்பட்டியோ வெல்லமோ போட்டுக் காய்ச்சினது. சுக்கு காரம் தொண்டையில் இறங்கும்போதே தேங்காய்ப்பூ பல்லில் கடிபடும். சளி பிடிச்சா எங்க அம்மா முதல்ல தூக்குவாளியைக் கொடுத்து அங்கதான் அனுப்புவாங்க.

கறிதோசைக்கும் ரெண்டு வரி பத்தாதுங்க. கனமா மாவு ஊத்தி, அது மேல முட்டை, அதுக்கும் மேல கொத்துக்கறியைப் பரப்பி, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவாங்க. அப்போ கறி கல்லில் பட்டு ஓரம் முறுகுற வாசனைக்காகவே நான் அடுப்புக்குப் பக்கத்து மேசையாப் பார்த்து உட்காருவேன். சிம்மக்கல் பக்கம் போனா தவறாம சாப்பிடுங்க. ஒண்ணு வாங்கினா ரெண்டு பேருக்குத் தாராளம்.

பெரிய ஓட்டல்களையே தேடாதீங்க. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குறவங்களுக்கு ரோட்டோரக் கடையில் மல்லிப்பூ மாதிரி இட்லியும் நாலு வகைச் சட்னியும் காத்திருக்கும். தண்ணிச் சட்னியை மறக்காம கேட்டு வாங்கிக்கோங்க.