மிளகாய்க்கு மட்டும் தனி மெஷின்

கோதுமையின் மரபணுவைத் திருத்தி, உடம்புக்கு ஆகாத புரதத்தைக் குறைக்கிறார்கள் என்றால் எனக்கு எதிர்ப்பு கிடையாது. செய்யட்டும், சீக்கிரம் செய்யட்டும். என் கவலையெல்லாம் எங்கள் ஊர் மாவு மில்லைப் பற்றியது.

காரணம் என் அக்கா மகன். அவனுக்குச் சீலியாக் என்கிற நோய் இருக்கிறது, கோதுமை சேராது. எங்கள் கடற்கரையில் "எனக்கு இறால் சேராது" என்று ஒருவர் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். எல்லோரும் கண்ணால் பார்த்தது. ஆனால் "கோதுமை சேராது" என்று சொல்லிப் பாருங்கள். "சப்பாத்திதானே, சுகர்காரங்களே சாப்பிடுறாங்க, பிள்ளைக்கு என்ன பண்ணப் போகுது?" என்பார்கள். சீலியாக் உடனே காட்டிக்கொடுக்காது. கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்கும். குடலின் உட்சுவர் தேயும். தின்றது எதுவும் ஒட்டாது. பையன் வளரவே இல்லை. வயிறு மட்டும் முன்னால் நிற்கும், ரத்தம் எப்போதும் கம்மி. பூச்சி மருந்து, இரும்பு டானிக், மந்திரிப்பு என்று எல்லாம் நடந்தது. மதுரையில்தான் கடைசியில் ரத்தம் எடுத்து, குடலில் சின்ன சதை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

இது வடநாட்டு நோய், அரிசி தின்கிற நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில், இந்த நோயைக் காட்டுகிற ஆன்டிபாடி (ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதம்) வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால் நோய் வருவதற்கு இடம் கொடுக்கிற மரபணு வகை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில்தான். அங்கே ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். இப்போது ராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரைக்கும் சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கல் காயாத கடைத்தெரு உண்டா? வீட்டில் பெரியவருக்குச் சர்க்கரை வந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் ராத்திரி சப்பாத்தி. சின்னப் பிள்ளைகளுக்கு ரஸ்க், பிஸ்கட், நூடுல்ஸ். அந்த 25 கிராம் அப்படியே நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். ஸ்பெயினில் கோர்டோபா நகரத்து ஆய்வாளர்கள் 2018இல் ஒரு வேலை செய்தார்கள். க்ளூட்டனில் அதிகம் தொல்லை கொடுப்பது கிளையடின் என்கிற புரதக் கூட்டம். அதில் ஆல்ஃபா வகைக்கு மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்ட கோதுமையில் 45 மரபணுக்கள் இருந்தன. மரபணுவைக் குறிபார்த்து வெட்டுகிற கிரிஸ்பர் முறையில் ஒரே செடியில் அவற்றில் 35 வரை சிதைத்தார்கள். நோயைத் தூண்டும் தன்மை 85 சதவீதம் குறைந்தது. சாதாரண இனக்கலப்பு முறையில் இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம். ரொட்டிக் கோதுமை மூன்று புல்வகைகள் சேர்ந்து உண்டானது. எல்லா மரபணுவும் மூன்று செட் இருக்கும். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் வேலையைப் பார்க்கும். ஜப்பான்காரர்கள் இதற்கும் முன்னால், 1990களிலேயே, அரிசியில் ஒவ்வாமை உண்டாக்குகிற ஒரு புரதத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அதிலும் குறைந்ததே தவிர முழுசாகப் போகவில்லை.

"குறைந்தது" என்பதில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. க்ளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. சாதாரணக் கோதுமை மாவில் கிலோவுக்கு நூறு கிராம் பக்கம் க்ளூட்டன் இருக்கும். அதில் 85 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதியை 20 மில்லிகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கா மகன் அந்தக் கோதுமையைத் தொட முடியாது. யாருக்கு உதவும்? நோய் வராமலிருக்க க்ளூட்டனைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று இருப்பவர்களுக்கு உதவலாம். வருங்காலத்தில் மீதி மரபணுக்களையும் எடுத்துவிட்டால் இவனுக்கும் ஆகலாம். அதனால்தான் ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்வதில்லை.

மரபணு மாற்றினாலே புது ஒவ்வாமை வரும் என்பவர்கள் பிரேசில் கொட்டைக் கதையைச் சொல்வார்கள். நடந்ததுதான். அந்தக் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தார்கள், கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று சோதனையில் தெரிந்தது, 1996இல் ஆய்வே வெளியானது. ஆனால் கடைக்கு வருமுன்னே சோதனையில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயம் தருவது வேறொன்று: ஸ்டார்லிங்க் மக்காச்சோளம். ஒவ்வாமைச் சந்தேகம் இருந்ததால் அமெரிக்காவில் கால்நடைத் தீவனம் மாதிரி மனிதர் தின்னாத உபயோகத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு பார்த்தால் மனிதர் தின்கிற டாக்கோ என்கிற சோள ரொட்டியில் கிடக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனதாகச் சொன்னவர்களின் ரத்தத்தை அரசு சோதித்ததில் அந்தப் புரதத்துக்கு எதிராக எதுவும் தெரியவில்லை. நல்லது. ஆனால் அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு பெரிய குதிர்களும் லாரிகளும் வைத்திருப்பவர்களால் ஒரு சோளத்தை இன்னொரு சோளத்திலிருந்து பிரித்து வைக்க முடியவில்லை.

இப்போது எங்கள் மாவு மில்லுக்கு வாருங்கள். அங்கே இரண்டு மெஷின். ஒன்று மிளகாய்க்கு, இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். முண்டு மிளகாய் விளைகிற மாவட்டம், மிளகாய்க்குத் தனி மெஷின் இல்லாமல் தொழில் நடத்த முடியாது. எந்த அதிகாரியும் வந்து சொல்லி வைத்ததல்ல. புட்டு மாவில் காரம் ஏறினால் மறுநாள் காலையில் பெண்கள் பையோடு வந்து நின்றுவிடுவார்கள். அக்கா பையனுக்காகக் கேழ்வரகு கொண்டுபோவாள்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"கோதுமைதான் தங்கச்சி. ரெண்டு தட்டுத் தட்டி விட்டுட்டேன், ஒண்ணும் இருக்காது."

மெஷின் வாயில் கட்டிய துணிப்பையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது போதும், அவனுக்கு வயிறு உப்ப. அண்ணன் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. க்ளூட்டனுக்குக் காரமும் இல்லை, வாடையும் இல்லை, நிறமும் இல்லை, அவ்வளவுதான். இப்போது அக்கா வீட்டிலேயே மிக்சியில் அரைத்துச் சலிக்கிறாள். பெருங்காய டப்பாவைக்கூடப் பொடி எழுத்துவரை படித்துத்தான் வாங்குகிறாள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாம்பாரில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பையன் புதுநன்மை, அதாவது சர்ச்சில் முதல் நற்கருணை, வாங்கும்போது இன்னொரு சங்கடம். நற்கருணை அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும். 2017இல் வத்திக்கான் அனுப்பிய கடிதம் ஒன்றில், க்ளூட்டன் குறைந்த அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது என்று இருக்கிறது. அதே கடிதத்தில், மரபணு மாற்றிய பொருளில் செய்ததும் செல்லும் என்று ஒரு வரி! நம்மூரில் பலர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு ரோமாபுரி முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிட்டது. பையனுக்குச் சாமியார் திராட்சை இரசம் மட்டும் கொடுத்தார். அதற்கும் முறையில் இடம் உண்டு. வரிசையில் பின்னால் நின்ற பையன்களுக்குத்தான் பொறாமை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தியாவில் வெளி மரபணு சேர்க்காமல் மரபணு திருத்திய பயிர்களுக்கு 2022இலேயே பழைய கடுமையான விதிகளில் விலக்கு கொடுத்தாகிவிட்டது. 2025 மே மாதம் கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்று இப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். இரண்டாவது உவர் நிலத்தையும் தாங்கும் என்கிறார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நாளைக்கு க்ளூட்டன் குறைந்த கோதுமையும் அதே வழியில் வரலாம். வரும்போது அது பார்வைக்குச் சாதாரணக் கோதுமைபோல் இருக்கக்கூடாது. பஞ்சாபில் மொகாலியில் கருப்பு, ஊதா, நீல நிறக் கோதுமைகளை இனக்கலப்பு முறையிலேயே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த நிறத்தை இதில் ஏற்றுங்கள். சித்திரைக்கார் அரிசியை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சிவப்பை வைத்தே சொல்லிவிடும். தவிட்டில்தான் நிறம் என்பதால் மைதாவாக்கினால் போய்விடும், தெரியும். ஆனால் மூட்டையிலும் மில்லிலும் முழு மாவிலும் கண்ணுக்குத் தெரியுமே. அப்புறம், உதிரியாக விற்க விடக்கூடாது. "சீலியாக் உள்ளவர்களுக்கு அல்ல" என்று தமிழில், பெரிய எழுத்தில் பாக்கெட்டின் முன்பக்கம் போட வேண்டும். "க்ளூட்டன் குறைந்தது" என்று பச்சைக் கட்டத்தில் விளம்பரம் வந்தால், அன்போடு ஒரு பாக்கெட் வாங்கி வந்து இவனுக்குக் கொடுக்க எங்கள் சொந்தத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது பிள்ளை வளராமல், காரணம் தெரியாத ரத்தசோகையோடு இருந்தால் டாக்டரிடம் டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தாலும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம்.